மெஸ்பாரா ஆண்ட மூவாயிரத்து அறுநூறு ஆண்டுகள்

அரசு வானத்திலிருந்துதான் இறங்கி வந்தது என்பதில் எஷ்நூர்க்காரர்கள் யாருக்கும் சந்தேகம் கிடையாது. யார் வீட்டு மொட்டைமாடியில் இறங்கியது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு திசையில் கை நீட்டுவார்கள், தெருவுக்குத் தெரு வாய்ச்சண்டை வரும். இறங்கிய அரசு ஓர் ஊரோடு தங்காது, குதிருக்குக் குதிர் எலி மாறுவதுபோல ஊர் விட்டு ஊர் மாறும், போகிறபோது இருந்த ஊரை இடித்துவிட்டுத்தான் போகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இரண்டு ஆறுகளுக்கு நடுவே, கல்லும் இல்லாமல் மரமும் இல்லாமல் மண்ணும் நாணலும் மட்டும் வாய்த்த அந்தச் சமவெளியில் எதைச் செய்வதானாலும் களிமண்ணில்தான் செய்தாக வேண்டும். வீடு மண், பானை மண், கதிர் அறுக்கிற அரிவாள்கூடச் சுட்ட மண், ராஜாக்களின் கணக்கும் மண்.

அந்தக் கணக்கை எழுதும் நாணல் அப்போது கேமலம்மாவின் கையில் இருந்தது. அவள் அப்பா, மண்பலகைகளில் கோயில் கணக்கை எழுதி வைக்கும் பலகை வீட்டின் எழுத்தர். ஆண்பிள்ளைகளைக் கால்வாய்க் காய்ச்சல் கொண்டுபோனபின் நாணலைப் பிடிக்க வேறு கை இல்லாததால் மகளிடம் கொடுத்தார், ஊரும் முதலில் முணுமுணுத்து, பிறகு அவள் எழுத்து ஆழமாக விழுவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டது. வந்த ஆடு, போன எண்ணெய் என்று எழுதுவது அன்றாட வேலை. பலகை வீட்டின் உள்ளறையில் பாயில் சுற்றி அரசர் பலகை இருந்தது. எந்த ஊரில் எந்த ராஜா எத்தனை ஆண்டு ஆண்டான், அந்த ஊர் எப்போது ஆயுதத்தால் அடிபட்டது, அங்கிருந்து அரசு எந்த ஊருக்குப் போனது, இவ்வளவுதான் அதில் உண்டு. அதைச் சூளையில் சுடவில்லை, வெயிலில் உலர்த்தியதோடு சரி, ஏனென்றால் அதில் இன்னும் ராஜாக்கள் வர வேண்டியிருந்தது. ஈரத்துணி போட்டு ஒரு நாள் வைத்தால் எழுத இளகிக் கொடுக்கும். நாணலின் மெல்லிய முனையை நேராக அழுத்தினால் விழுகிற சின்ன வட்டம் பத்து ஆண்டு. தடித்த முனையை அழுத்தினால் விழுகிற பெரிய வட்டம் மூவாயிரத்து அறுநூறு ஆண்டு. பெருவெள்ளத்துக்கு முந்திய ராஜாக்களுக்கு எதிரே பெரிய வட்டங்கள், தட்டி வைத்த ரொட்டிபோல வரிசையாக. வெள்ளத்துக்குப் பிந்தியவர்களுக்குச் சின்ன வட்டங்கள்தான், அதுவும் ஒன்றோ இரண்டோ. நனைந்த கம்பளி சுருங்குகிற மாதிரி மனுஷ ஆயுசு அந்த வெள்ளத்தில் நனைந்து சுருங்கிவிட்டது என்று ஊர் அதற்குக் காரணம் சொல்லும்.

ராஜா படுக்கையில் விழுந்து, வைத்தியனும் கைவிட்டு, ஆட்டு ஈரலைப் பார்த்துக் குறி சொல்கிறவனும் தலையை ஆட்டிவிட்டால், எழுத்தரைக் கூப்பிட்டு அவர் ஆண்ட ஆண்டுகளைப் பலகையில் அழுத்தச் சொல்லி அதை அவர் காதருகே வாசிப்பது எஷ்நூரின் வழக்கம். வாசித்ததும் ராஜா போய்விடுவார். கணக்கு முடியாமல் கோயில் களத்தை விட்டு ஒரு மூட்டை பார்லிகூட வெளியே போகாத ஊரில் ராஜா மட்டும் எப்படிப் போய்விட முடியும். போகிறவர் தனியாகவும் போகமாட்டார். ஊருக்கு வெளியே ஆழமாய் ஒரு குழி வெட்டி, சரிவாய்ப் பாதை போட்டு, மாடும் வண்டியும் இறக்கி, தெருவுக்கு ஒருவராகக் கூடப்போகிறவர்கள் அலங்காரம் செய்துகொண்டு உள்ளே வரிசையாக உட்கார்ந்து, கையில் கொடுத்த கிண்ணத்தைக் குடித்துவிட்டுச் சாய்ந்துகொள்ள, மேலே மண்ணைத் தள்ளுவார்கள். மெஸ்பாரா ராஜாவுக்கு யாழ் வாசிக்கிற பெண் ஒருத்தி வேண்டும் என்று நாணல்காரர் தெருவில் கேட்டபோது, அந்தத் தெருவில் யாழ் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள். கேமலம்மாவின் ஒரே மகள் ஷாஷா.

ஆகவே மெஸ்பாராவின் கணக்கை முடிக்கக் கேமலம்மாவைக் கூப்பிட்ட அன்று காலை, அவள் பலகையைச் சுமந்துகொண்டு அரண்மனை முற்றத்தைக் கடக்கும்போது, கூடப்போகிறவர்கள் ஏற்கெனவே குளித்து வரிசையில் நின்றார்கள். தலையில் தங்க இலை வைத்துக்கொண்டு ஷாஷாவும் நின்றாள். அம்மாவோடு பேசக் கூடாது. வெயிலுக்கு யாழின் நரம்பு ஒன்று தளர்ந்திருக்கும்போல, அவள் குனிந்து காதை வைத்து, முளையைத் திருப்பி, தட்டிப் பார்த்து, திருப்தியில்லாமல் மறுபடி திருப்பினாள். இன்னும் ஒரு நாழிகையில் மண்ணுக்குள் போகப்போகிற நரம்புக்கு இவ்வளவு கவனமா என்று கேமலம்மா பலகையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். மெஸ்பாரா ஆண்டது இருபது ஆண்டு, இரண்டு சின்ன வட்டம். படுக்கையருகே உட்கார்ந்து, இளகிய மண்ணின்மேல் நாணலை நிறுத்தியபோது, அது அவள் விரல்களுக்குள் தலைகீழாகத் திரும்பியது. தடித்த முனையை அழுத்தினாள்.

ராஜா போகும்வரை எழுத்தரைத் தவிர வேறு யாரும் பலகையைப் பார்க்கக் கூடாது. கோயில் அதிகாரி லூகிரி, அப்போது இளைஞர், வாசி என்று கண்ணால் காட்டினார். அழுத்தியதைத்தான் வாசிக்க வேண்டும், அதில் பலகை வீட்டுக்காரர்கள் யாரும் பிசகியது கிடையாது. மெஸ்பாரா மூவாயிரத்து அறுநூறு ஆண்டு ஆண்டான் என்று அவள் வாசித்தாள். இழுத்துப்போட்டு அடிப்பார்கள், துணி நனைத்துப் போட்டு மறுபடி மண்ணை இளக்கச் சொல்வார்கள், அதற்குள் ஒரு நாள் போகும் என்றுதான் நினைத்தாள். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசிக்கவில்லை, ஒரு நாள் என்பதே அப்போது அவளுக்கு ஒரு தேசம் மாதிரி விரிந்து கிடந்தது. அடிக்க எழுந்த லூகிரியின் கை பாதியில் நின்றது. மெஸ்பாரா கண்ணைத் திறந்து, கஞ்சி இருக்கிறதா என்று கேட்டார்.

இருந்தது. குடித்தார்.

எஷ்நூர் இதற்கு அதிகம் ஆச்சரியப்படவில்லை. பெரிய வட்டம் போட்டால் பெரிய ஆயுசு என்பது பலகையிலேயே இருக்கிறதே, வெள்ளத்துக்கு முந்தியவர்கள் மட்டும் என்ன வேறு மண்ணா என்று பேசிக்கொண்டது. கிண்ணங்களைக் கால்வாயில் கவிழ்த்தார்கள், மீன்கள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. சாவுக்கென்று பானை பானையாக ஊறப்போட்டிருந்த பார்லிக் கள்ளை, கள்ளுக்கடைக்காரி அமாதூ பாதி விலைக்கு ஊற்றினாள். ராஜாவின் ஆயுசு உள்ளவரை என்று சொல்லிக் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ராஜாவின் ஆயுசு உள்ளவரை உன்னைத் தள்ளிவைக்கமாட்டேன் என்று பெண்டாட்டிக்குச் சத்தியம் செய்திருந்த செக்குக்காரன் ஒருவன் மட்டும் மூன்று நாள் சாப்பிடவில்லை. பட்டத்துக்குக் காத்திருந்த இளவரசன் புறா வளர்க்க ஆரம்பித்தான்.

மெஸ்பாரா குணமாகவும் இல்லை. கண்ணைத் திறந்தபோது எப்படியிருந்தாரோ அப்படியே, குழிக்குள் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக, மூச்சு இழுத்துக்கொண்டு, எழுந்து நிற்க முடியாமல், சாகவும் முடியாமல் இருந்தார். தேள் கொட்டியது, தேள் செத்தது. ஒருமுறை மாடியிலிருந்து கட்டிலோடு விழுந்தார். தூசி தட்டி மறுபடி மேலே ஏற்றினார்கள். முதலில் சில காலம் திருவிழாவுக்குத் திருவிழா கேமலம்மாவின் வீட்டுக்கு அரண்மனையிலிருந்து ஒரு செம்மறி வரும். பிறகு செம்மறி நின்றது. அதற்கப்புறம் ஒரு ஆள் வந்தான். இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று ராஜா கேட்டு வரச் சொன்னதாகச் சொன்னான். அவள் ஒரு கிண்ணம் தண்ணீர் கொடுத்தாள், அவன் குடித்துவிட்டுப் போனான்.

அந்த நாட்டில் ஆண்டுக்கு ஓர் எண் கிடையாது, ராஜா செய்த காரியத்தின் பெயர்தான் ஆண்டின் பெயர்: கிழக்குச் சுவர் எழுப்பிய ஆண்டு, அம்மன் கோயிலுக்கு வெள்ளிக் கதவு போட்ட ஆண்டு. படுத்திருக்கிற ராஜா என்ன செய்வார்? ராஜா கஞ்சி கேட்ட ஆண்டு என்று ஒன்றை எழுதினாள் கேமலம்மா. அதற்கு அடுத்தது, ராஜா கஞ்சி கேட்ட ஆண்டுக்கு அடுத்த ஆண்டு. அதற்கும் அடுத்தது, அடுத்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு. இப்படியே போய், கோயிலுக்கு வந்த ஒரு வெள்ளாட்டை எழுதுவதற்கு ஆட்டுக்கு ஒரு வரியும் ஆண்டுக்குப் பலகையின் முன்பக்கம் முழுவதும் பின்பக்கம் பாதியும் தேவைப்பட்டன. பிள்ளைகளுக்கு வயது கேட்டால் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்கள்.

சிரித்தபடியே எதையும் பழகிக்கொள்கிற ஊருக்குத் தண்ணீர்தான் பழகவில்லை. ஒவ்வோர் ஆண்டும் பெரிய கால்வாயில் தூர் வாரும்போது முதல் கூடை மண்ணை ராஜா தன் தலையில் சுமந்து கரையேற வேண்டும், அப்புறம்தான் மற்றவர்கள் மண்வெட்டி வைக்கலாம். மெஸ்பாராவை நாற்காலியில் கட்டித் தூக்கிப்போய்த் தலையில் கூடையை வைத்தார்கள். நாற்காலியும் கூடையும் ராஜாவுமாகச் சேற்றில் உருண்டார்கள். மறு ஆண்டு இளவரசன் சுமந்து பார்த்தான், அன்று மத்தியானமே மடை உடைந்து ஆட்டு மந்தையோடு ஒரு தெருவின் பாதியை இழுத்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு யாரும் துணியவில்லை. கால்வாய் மேடு தட்டியது, தண்ணீர் வயல்களில் ஏறி நின்று போக வழியில்லாமல் வெயிலில் வற்றியது, வற்றிய இடத்தில் உப்புப் பூத்தது. முதலில் கோதுமை போனது, பிறகு பார்லி போனது, வெறும் வெள்ளை வயல்கள் நிலா காய்வதுபோலப் பகலில் காய்ந்தன. குழந்தைகளின் முழங்கால்கள் பெருத்தன. கேமலம்மா தண்ணீர்த் துறைக்குப் போனால் குடம் வைக்க இடம் விட்டார்கள், ஆனால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

ஷாஷா அரண்மனை முற்றத்தில்தான் இருந்தாள். ராஜா எந்த நிமிஷமும் போகலாம் என்பது சட்டப்படி இன்னும் உண்மையாகவே இருந்ததால், கூடப்போகிறவர்களை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை; தினமும் காலையில் குளித்து, தங்க இலை சூடி, வரிசையில் நின்று, சாயங்காலம் இலைகளைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார்கள். வண்டிக்காரனின் மாடுகள் கிழமாகிச் செத்து வேறு மாடுகள் வந்தன. குடை பிடிக்கிறவர் வரிசையில் நின்றபடியே வயதாகிச் செத்துப்போனார். ராஜாவுக்கு முன்னால் போய்விட்ட ஒருவருக்கு என்ன சடங்கு செய்வது என்று யாருக்கும் தெரியாமல், அவர் தெருவிலிருந்து இன்னொருவரைக் கேட்டு வாங்கினார்கள். பதினேழு வயதில் உள்ளே போன ஷாஷாவின் காதோரம் நரை வந்துவிட்டது. அதைக் கேமலம்மா கதவிடுக்கின் தூரத்திலிருந்து பார்த்தாள். உயிரோடு இருக்கிறாள், அது போதும் என்று சொல்லிக்கொண்டே திரும்பி வருவாள், வீடு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வருவாள், வீட்டுக்குள் வந்ததும் அது போதாமல் போய்விடும்.

ஒருநாள் லூகிரி பலகை வீட்டுக்கு வந்தார். முடி வெளுத்து, நடை தளர்ந்திருந்தது. அந்த வாரம்தான் பேரனைப் புதைத்திருந்தார், அதனால் கோபம்கூட வரவில்லை, மெதுவாகவே பேசினார். பலகையைப் பார்க்காமலே கீழ்ப்பகுதியில் ஈரத்துணி போட்டுவிட்டேன், நாளைக்கு இளகிவிடும், பழைய வட்டத்தை மெழுகிவிட்டு இரண்டு சின்ன வட்டத்தை அழுத்திக் கொடு என்றார். அவள் நாணலை எடுத்துக் கூடைக்குள் போட்டு மூடினாள்.

"நீ அழுத்தாட்டி வேற கை தேடுவேன்மா," என்றார். "உன் அளவுக்கு அழகா இருக்காது. ஆனா சாகறதுக்கு அழகு எதுக்கு?"

அவர் போனபின் கேமலம்மா துணியைத் தூக்கி விரலால் தொட்டுப் பார்த்தாள். மண்ணின் மேல்தோல் ஏற்கெனவே குழைய ஆரம்பித்திருந்தது.

தெரு முழுவதும் அமாதூவின் கடையில் கூடியிருந்தது, செய்தி அவளுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அமாதூவின் தம்பிதான் ராஜாவின் வண்டிக்காரன், வட்டம் சின்னதானால் அவனும் குழிக்குப் போகிறவன். இருந்தும் அவள் கேமலம்மாவைப் பார்த்ததும் விடவில்லை.

"வாடி. உன் மகளுக்கு ஒரு வட்டம் போட்டே, எங்க வயலுக்கெல்லாம் வெள்ளை அடிச்சே. இப்ப என்ன செய்யப்போறே?"

கேமலம்மா உட்கார்ந்தாள். அழுத்தமாட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை, அழுத்துகிறேன் என்றும் வாய் வரவில்லை. பலகையில் இன்னொரு வரிக்கும் இடம் இருக்கிறது என்று சொன்னாள். ராஜாவின் கணக்கைத் தொட வேண்டாம். எஷ்நூர் ஆயுதத்தால் அடிபட்டது, அதன் அரசு கிர்மாவுக்குக் கொண்டுபோகப்பட்டது என்று அதற்குக் கீழே அழுத்தி வாசித்துவிட்டால், அரசு இந்த ஊரை விட்டுக் கிழக்கே பக்கத்து ஊரான கிர்மாவுக்குப் போய்விடும். அரசு போனால் மெஸ்பாரா வெறும் கிழவர். வெறும் கிழவர் செத்தால் யாரும் கூடப்போக வேண்டியதில்லை. ஆனால் அரசு போன வரியை மட்டும் தனியாக எழுத முடியாது. அடிபட்ட வரி முன்னால் வந்தாக வேண்டும், வெள்ளத்துக்கு முன்னாலிருந்து அப்படித்தான், ஓர் ஊருக்குக்கூட விலக்கு இல்லை. வட்டத்தை வாசித்ததும் ராஜா கண் திறந்தமாதிரி, இதை வாசித்ததும் கிர்மாவின் ஆயுதம் வந்து நிற்கும். இத்தனை பேரை அதற்குக் கொடுக்கத் தனக்கு வாயில்லை என்றாள்.

அமாதூ அகப்பையைக் கீழே வைத்தாள். "அந்தப் பலகைல நம்மளப் பத்தி என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"ஒரு வரிகூடவா?"

"ராசா இருக்கான். ஊரு இருக்கு. ஆயுதம் இருக்கு. நாம எங்கயும் இல்லக்கா."

"வானத்துலேர்ந்து இறங்கின நாள் முதலாவா?"

"முதல் வரியிலேர்ந்து."

"அப்ப அந்த அடி நமக்கு இல்லையேடி," என்றாள் அமாதூ. "ஊருக்குத்தானே. ஊருன்னா சுவரு. அடிச்சுட்டுப் போகட்டும்."

மூலையிலிருந்த மீன்காரக் கிழவர் ஒருவர், இத்தனை காலமும் வரி வாங்கும்போது மட்டும் நாம் இருந்தோமே என்று கேட்க, யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே ஊரைக் காலிசெய்வது என்று முடிவாகிவிட்டது, தனியாக யாரும் எதையும் தீர்மானிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததிலிருந்து எஷ்நூரில் கதவுகளைக் கழற்றினார்கள். மரம் விளையாத சீமையில் வீட்டின் சொத்து என்பது கதவுதான், சுவரை எங்கே வேண்டுமானாலும் பிசைந்துகொள்ளலாம். கதவைக் கழுதைமேல் கிடத்தி, அதன்மேல் பானை, பானைமேல் குழந்தை, குழந்தை மடியில் கோழி. கேட்ட காவலர்களிடம், ராஜாவின் சாவுக்கு முன்னால் எல்லாக் கதவுக்கும் தார்போன்ற கீல் பூசப்போகிறோம் என்று சொன்னார்கள். காவலர்களும் தெருக்களில் பிறந்தவர்கள்தான். தங்கள் வீட்டுக் கதவுக்கும் கீல் பூச வேண்டியிருப்பதாகச் சொல்லி ஒவ்வொருவராக ஈட்டியைச் சாய்த்துவிட்டுப் போனார்கள். மாட்டுக்குத் தவிடு கொண்டுபோன ஆள் மூலமாக முற்றத்துக்குச் செய்தி போனது: வாசித்த சத்தம் கேட்டதும் வடக்கு வாசலுக்கு ஓடி வந்துவிட வேண்டும்.

மத்தியானம் கேமலம்மா இளகிய பலகையைச் சுமந்துகொண்டு படுக்கையறைக்குள் போனாள். கிண்ணங்கள் தட்டில் நிரம்பித் தயாராக இருந்தன. மெஸ்பாரா அவளைப் பார்த்தார். இத்தனை ஆண்டுகளில் அவர் முகத்தில் கண்களைத் தவிர மற்றதெல்லாம் வேலையை விட்டுவிட்டிருந்தன.

"இந்த வாட்டி மெல்லிசு முனைதானே, தாயே?" என்றார்.

அவள் தலைகுனிந்து உட்கார்ந்து, மெல்லிய முனையை மண்ணில் வைத்தாள். பெரிய வட்டத்தைத் தொடவில்லை. அதற்குக் கீழே எழுத ஆரம்பித்தாள். லூகிரி பலகையைப் பார்க்கக் கூடாது, ஆனால் காது கேட்டது. ஈர மண்ணில் நாணல் இறங்கி எழும் சத்தம், இரண்டு வட்டத்துக்கு இரண்டு தடவைதான் கேட்க வேண்டும். மூன்றாவது கேட்டது. நான்காவது, ஐந்தாவது. அவர் தலை நிமிர்ந்தது. ஊரின் பெயரை முடித்து, ஆயுதத்தை முடித்து, அவள் கிர்மாவின் முதல் எழுத்தில் இருந்தாள். கழுத்தில் வழிந்த வியர்வை பலகையில் சொட்டாமல் இருக்கத் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு எழுதினாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார் லூகிரி. அவள் நிறுத்தவில்லை. அவர் எழுந்து இரண்டு எட்டில் வந்து அவள் மணிக்கட்டை நோக்கிக் குனிந்தார்.

கட்டிலிலிருந்து ஒரு கை எழுந்து அவரைத் தடுத்தது.

"எழுதட்டும் லூகிரி," என்றார் மெஸ்பாரா.

ராஜாவின் சொல். லூகிரி அப்படியே குனிந்த நிலையில் நின்றார். கேமலம்மா கடைசி ஆப்பு வடிவக் கீறலையும் அழுத்தி, மூச்சு விடாமல் வாசித்தாள்: எஷ்நூர் ஆயுதத்தால் அடிபட்டது, அதன் அரசு கிர்மாவுக்குக் கொண்டுபோகப்பட்டது.

இடியும் இல்லை, ஒளியும் இல்லை. கட்டிலில் கிடந்த முகம் மட்டும் தளர்ந்து, துறையிலோ சந்தையிலோ பார்த்திருக்கக்கூடிய ஏதோ ஒரு கிழவரின் முகமாக ஆனது. விசிறி வீசிக்கொண்டிருந்தவன், தான் ஏன் வீசுகிறோம் என்று தெரியாமல் விசிறியைக் கீழே வைத்தான். அதே நேரத்தில் கிர்மாவில் வெங்காயத் தோட்டத்தில் பாத்தி கட்டிக்கொண்டிருந்த ஒருவன்மேல் அரசு இறங்கியது, அவன் மண்வெட்டியைத் துடைத்துவிட்டு ஆட்களைத் திரட்டினான் என்பதைப் பின்னால் கேள்விப்பட்டார்கள். லூகிரி மட்டும் பலகையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார், கூப்பிட்டும் வரவில்லை. கிர்மாக்காரர்கள் அவரைப் பலகையோடு கொண்டுபோனார்கள். அங்கிருந்த எழுத்தர்கள் ஒரு கோடு மாற்றாமல் அதைப் பிரதி எடுத்தார்கள், பெரிய வட்டம் உட்பட. எடுத்ததைப் பார்த்து வேறு ஊர்க்காரர்கள் எடுத்தார்கள்.

வடக்கு வாசலில் கேமலம்மா கழுதையோடு நின்றாள். கூடப்போகிறவர்கள் தங்க இலைகளைப் பிய்த்துக்கொண்டே ஓடி வந்தார்கள், அமாதூவின் தம்பி மாடுகளை அவிழ்த்து ஓட்டி வந்தான். ஷாஷா வரவில்லை. கடைசிக் குடும்பமும் உப்பு வயலைத் தாண்டி நாணல் காட்டுப் பக்கம் சின்னதாகிக்கொண்டிருந்தது. கிழக்கே தூசி எழும்பி, தூசிக்குள் செம்பு மின்னியது. வா போகலாம், வருகிறவள் வருவாள் என்று அமாதூ கையைப் பிடித்து இழுத்தாள். கேமலம்மா கையை விடுவித்துக்கொண்டு, கதவில்லாத வாசல்கள் வரிசையாக வாயைப் பிளந்து கிடந்த தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூவாயிரத்து அறுநூறு ஆண்டுக் கணக்கை ஒரே அழுத்தில் எழுதியவளுக்கு அந்தக் கொஞ்ச நேரம் போகமாட்டேன் என்றது.

தெருக்கோடியில் ஏதோ அசைந்தது. ஷாஷா வந்தாள், யாழில்லாமல், முதுகில் மெஸ்பாராவைச் சுமந்துகொண்டு, இரண்டாக மடங்கி.

"அவனை எதுக்குடி தூக்கிட்டு வரே? அவன் இப்ப ராசா இல்ல," என்றாள் கேமலம்மா.

"அதனாலதாம்மா. ராசான்னா தூக்க நாலு பேர் இருந்திருப்பாங்க," என்றாள் ஷாஷா, மூச்சு வாங்க. "கழுதையப் பிடி."

அவர்கள் நாணல் காட்டுக்குள் நுழைந்தபோது பின்னால் சுவர் விழும் சத்தம் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது, எல்லாரும்தான் பார்த்தார்கள், பிறகு நடந்தார்கள்.

பாதையில் மெஸ்பாராவைப் பற்றிப் பேச்சு வந்தது. இவனால் செத்த பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது என்று சிலர் கேட்டார்கள். இவனாலா, இவளாலா என்று வேறு சிலர் கேட்டார்கள். கேமலம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கழுதையின் பக்கத்தில் நடந்தாள். கழுதைமேல் கிடந்த கிழவர் தனக்கு நேர்ந்ததை அறிந்தவர்போல, வெயில் முகத்தில் படுவதை உணர்ந்துகொண்டே வந்தார். ஒருமுறை கஞ்சி கேட்டார், கொடுத்தபோது உப்பில்லை என்றார். அமாதூ தலையிலடித்துக்கொண்டு, உப்பு வேண்டுமானால் திரும்பி நடக்கச் சொல் என்றாள். அவர் சிரித்தார், இருமினார், இன்னொரு வாய் குடித்தார். மறுநாள் காலையில், கூட்டம் புறப்பட மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, யாரையும் கூப்பிடாமல், எந்தக் கணக்கும் வாசிக்கப்படாமல், மற்ற மனிதர்கள் சாகிற மாதிரி செத்துப்போனார்.

கால்வாய் தோண்டத் தெரிந்த கைகள் நிறைய இருந்தன. ஈர மண்ணில் ஓர் ஆள் நீளத்துக்குக் குழி சீக்கிரம் ஆயிற்று. பாயில் சுற்றி இறக்கினார்கள். கயிறு நழுவி உடம்பு கோணலாகப் போய் விழுந்தது, முகம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. யாராவது இறங்கித்தான் சரிசெய்ய வேண்டும், யாரும் இறங்கவில்லை. ராஜாவாக இருந்தவரின் குழி. ஆண்கள் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஷாஷா இறங்கினாள்.

கேமலம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். மகள் கீழே மண்டியிட்டு, பாயை நேராக்கி, கிழவரின் தலையை வானம் பார்க்கத் திருப்பி, கால்களைச் சேர்த்து வைப்பதை விளிம்பில் நின்று பார்த்தாள். வேலை முடிந்தது. ஷாஷா எழுந்திருக்கவில்லை. கால்மாட்டில், முதுகை மண் சுவரில் சாய்த்து, மடியில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்படித்தான் உட்கார வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், பதினேழு வயதிலிருந்து ஒவ்வொரு நாள் காலையிலும் அவள் உடம்பு அதற்காகத்தான் குளித்துத் தயாராகியிருந்தது, வேறு எதற்கும் அதைப் பழக்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மேலே கூடப்போகிறவர்களாக இருந்த மற்றவர்களும் குழியைப் பார்த்தார்கள், வண்டிக்காரன் தன்னையறியாமல் ஓர் எட்டு முன்னால் வைத்ததை அமாதூ பார்த்து அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். விளிம்பிலிருந்து சிறு மண்கட்டி ஒன்று உருண்டு ஷாஷாவின் தோளில் விழுந்தது. இன்னொன்று விழுந்தது. கேமலம்மா மண்ணில் குப்புறப் படுத்து, முடிந்தவரை கையைக் கீழே நீட்டினாள். கை எட்டவில்லை, இன்னும் நகர்ந்து தோள்வரை தொங்கவிட்டாள்.

ஷாஷா கண்ணைத் திறந்து, தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு, நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லாப் பிடிம்மா," என்றாள். "மண்ணு சரியுது."